விமான ரேடாரா, சாட்டிலைட் ரேடாரா: மேலூர் வயலை எது சரியாகப் படிக்கும்?

ஐப்பசி, கார்த்திகையில் மதுரைக்கு மேலே எடுத்த சாதாரண சாட்டிலைட் படங்களில் பெரும்பாலும் மேகம்தான் இருக்கும். ஒருபோகப் பாசனத்துக்குப் பெரியாறு தண்ணீர் வந்து, மேலூர்ப் பக்கம் நட்ட பயிர் தூர் கட்டுகிற பருவம் அது. எந்த ஊரில் எத்தனை ஏக்கர் நட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தாக வேண்டிய நேரத்தில் கேமரா உதவாது. ரேடார் தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. மேகமும் இருட்டும் அதைத் தடுப்பதில்லை. ஆகவே ரேடார் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை விமானத்தில் பொருத்திப் பறக்கவிடுவதா, சாட்டிலைட்டில் வருவதை வைத்துக்கொள்வதா என்பதில்தான் வழக்கு.

விமான ரேடாரின் பலம் பெரிது. நாம் சொல்லும் நாளில் பறக்கும், ஓரிரு மீட்டர் அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்கும், ஒரே பறப்பில் இரண்டு மூன்று அலைநீளங்களில் படம் எடுக்கும். நாசாவின் ஏர்சார் விமான ரேடார் நெதர்லாந்தின் ஃபிளெவோலாந்தில் எடுத்த படத்தை வைத்து உருளைக்கிழங்கு, கோதுமை, சர்க்கரை பீட் வயல்களைப் பிரித்துக் காட்டிய ஆய்வுகள் நிறைய உண்டு. இஸ்ரோவும் எல் பேண்ட், எஸ் பேண்ட் என்ற இரண்டு அலைநீளங்களில் இயங்கும் ரேடாரை விமானத்தில் வைத்து 2017 முதல் பறக்கவிட்டது. ஆனால் ஃபிளெவோலாந்து கடலை மீட்டு உருவாக்கிய சமதரை. வயல்கள் பெரிய பெரிய செவ்வகங்கள். மேலூர் அப்படியில்லை. வரப்பு வளைந்து போகும், ஒரே மடையில் மூன்று பேர் மூன்று பயிர் வைத்திருப்பார்கள்.

நெல்லில் சாட்டிலைட்தான் ஜெயிக்கிறது என்பது என் முடிவு. நெல்லின் அடையாளம் ஒரு நாள் படத்தில் இல்லை, அது மாறும் விதத்தில் இருக்கிறது. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் தள்ளிவிடும். படத்தில் கறுப்பாக விழும். பயிர் தூர் கட்டத் தொடங்கியதும் தண்டிலும் தண்ணீரிலும் பட்டு அலை திரும்பி வரும்; சில வாரங்களில் அதே வயல் மளமளவென்று வெளுக்கும். கறுத்து வெளுக்கும் இந்த ஓட்டம் நம்மூர்ப் பயிர்களில் நெல்லுக்குத்தான் உண்டு. ஐரோப்பிய ரேடார் சாட்டிலைட்டான சென்டினல்-1 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் வருகிறது, படமும் இலவசம். ஒரே வீச்சில் 250 கிலோமீட்டர் அகலம் பிடிப்பதால் பெரியாறு பாசனத்தின் 45,041 ஏக்கர் இருபோகமும் 1,05,002 ஏக்கர் ஒருபோகமும் அதற்குள் அடங்கிவிடும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் இந்த வழியில்தான் நெல் பரப்பைக் கணக்கிடுகிறது. பயிர்க் காப்பீட்டு வேலைக்கும் அது பயன்பட்டிருக்கிறது. 12 நாளுக்கு ஒருமுறை விமானத்தைக் கிளப்ப எந்த மாவட்டத்துக்குக் கட்டுப்படியாகும்?

கோணமும் ஒரு சிக்கல். விமானம் தாழப் பறப்பதால் படத்தின் ஒரு கரையைச் செங்குத்தாகவும் மறு கரையை நன்றாகச் சாய்ந்தும் பார்க்கும். அதே நெல் இங்கே ஒரு வெளிச்சம், அங்கே ஒரு வெளிச்சம். திருத்தலாம், ஆனால் வேலை அதிகம். 693 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும் சாட்டிலைட்டுக்குப் பெரியாறு பாசனப் பகுதி முழுவதிலும் சில டிகிரிதான் மாறும்.

வாழையையும் கரும்பையும் ஒரே நாள் படத்தில் பிரிப்பது கடினம். இரண்டும் அடர்ந்து வெளுப்பாகத் தெரியும். மேலூர்ச் செங்கரும்புக்கு மட்டும் எளிய வழி இருக்கிறது. பொங்கலுக்கு முன்னால் எல்லோரும் மொத்தமாக வெட்டிவிடுவார்கள். மார்கழிப் படத்தையும் தைப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் சட்டென்று இருண்ட நிலம் கரும்பு, அப்படியே நிற்பது வாழை. இதற்கும் விமானம் தேவையில்லை.

மல்லிகைக்கு வந்தால் கதை மாறுகிறது. 10 மீட்டர் பிக்சலில் ஒரு ஏக்கருக்கு 40 பிக்சல் கிடைக்கும். 20 சென்ட் பூந்தோட்டத்துக்கு எட்டுதான். ரேடார் படத்தில் இயல்பாக இருக்கும் புள்ளி இரைச்சலைக் குறைக்கப் பக்கத்துப் பிக்சல்களோடு சராசரி எடுக்கும்போது அந்த எட்டும் பக்கத்து வயலோடு கரைந்துவிடும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி, அரசுக் கணக்கில் காணாமல் போகக் கூடாது. இதற்கு விமான ரேடாரின் நுணுக்கம் நிஜமாகவே வேண்டும்.

அப்புறம் கண்மாய்கள். சென்டினல்-1-இன் அலைநீளம் ஐந்தரை சென்டிமீட்டர் சொச்சம். கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேல் தழையிலேயே அந்த அலை பெரும்பாலும் நின்றுவிடும். 24 சென்டிமீட்டர் எல் பேண்ட் தழையைத் தாண்டி இறங்கி, அடிமரத்திலும் கீழே நிற்கும் நீரிலும் பட்டுப் பளிச்சென்று திரும்பும். கருவேலுக்கு அடியில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று அதனால் தெரியும். 2025 ஜூலை 30-ல் ஏவிய, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் ரேடார் சாட்டிலைட்டில் எல் பேண்ட் இருப்பதால் பெரிய கண்மாய்களுக்கு இனி அதுவே போதும். சிறிய ஊர்க் கண்மாய்களில் கரையோர ஆக்கிரமிப்பைக் காட்ட விமானம்தான் வேண்டும். மழை முடிந்து கண்மாய் நிறைந்திருக்கும்போது ஒரே ஒருமுறை பறந்தால் போதும். அழகர்மலை அடிவாரத்தில் மட்டும் எதிரெதிர்த் திசையில் இரண்டு தடவை பறக்க வேண்டும். ஒரு பக்கம் மலை நிழல் மறைத்த கண்மாய் மறுபக்கத்திலிருந்து தெரியும்.

கள்ளிக்குடி, திருமங்கலம் கரிசலில் இரண்டு ரேடாரும் திணறும். மானாவாரிப் பருத்தி, சோளம், உளுந்து எதிலும் தண்ணீர் கட்டுவதில்லை, நெல்லுக்குள்ள கறுத்த தொடக்கம் அங்கே கிடையாது. புழுதியில் நேரடியாக விதைத்த நெல்லுக்கும் அதே கதிதான். அந்த ஊர்களுக்கு விமானச் செலவைக் கேட்பதைவிட, ஒத்தக்கடை வேளாண் கல்லூரி மாணவர்களை விதைப்பு முடிந்த வாரத்தில் வயல் வயலாக அனுப்பிப் பயிரைக் குறித்துவரச் சொல்லலாம். அந்தக் குறிப்பை சாட்டிலைட் படத்தோடு பொருத்திப் பார்ப்பது பிறகு எளிது.