மைட்டோகாண்ட்ரியா நோய்க்கு எந்த டெஸ்ட்: எக்ஸோமா, ஜீனோமா, தசை பயாப்ஸியா?

"எக்ஸோம் எடுத்தாச்சு, நெகட்டிவ்னு வந்துடுச்சு, அப்போ மைட்டோகாண்ட்ரியா நோய் இல்லைதானே?" என்று பெற்றோர் கேட்பது சகஜம். (மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் பகுதி, எக்ஸோம் என்பது ஒரு மரபணு டெஸ்ட்.) அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. அந்த லேப் எந்த டிஎன்ஏவைப் படித்தது, ரத்தத்திலா சிறுநீரிலா தசையிலா, இந்த இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும்.

ஏனென்றால் இங்கே டிஎன்ஏ இரண்டு. மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே வட்டமாக ஒன்று இருக்கிறது: 16,569 எழுத்துகள், 37 ஜீன்கள், அம்மாவிடமிருந்து மட்டும் வருவது. ஆனால் அந்த 37 ஜீன்கள் தயாரிப்பது வெறும் 13 புரதங்களை. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான மற்ற ஆயிரத்துச் சொச்சம் புரதங்களுக்கான ஜீன்கள் எல்லாம் செல்லின் உட்கருவில் இருக்கின்றன, அவற்றில் 300-க்கும் மேற்பட்டவை நோயோடு தொடர்புடையவை என்று இதுவரை தெரிந்திருக்கிறது. குழந்தைகளுக்கு வருவதில் பெரும்பாலானவை இந்த உட்கரு ஜீன்களால்தான், அதிலும் அப்பா அம்மா இருவருமே கேரியராக (தனக்கு நோய் இல்லாமல் கெட்ட ஜீன் பிரதி ஒன்றைச் சுமப்பவராக) இருந்து வரும் வகை அதிகம். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே கல்யாணம் செய்கிற நம் குடும்பங்களில் இதை முதலில் சந்தேகிப்பது நியாயம். பெரியவர்களில் வட்ட டிஎன்ஏ கோளாறின் பங்கு கூடுதல்.

முன்பெல்லாம் தசை பயாப்ஸிதான் முதல் படி. தொடையிலிருந்து ஒரு துண்டு எடுத்து, உடனே உறைய வைத்து, சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள், என்சைம்களின் வேகத்தையும் அளப்பார்கள். குழந்தை என்றால் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். இவ்வளவு செய்தும் சிறு குழந்தைகளின் தசை மைக்ரோஸ்கோப்பில் சாதாரணமாகவே தெரியலாம். என்சைம் அளவு வேறு தசை நோய்களிலும் குறையும் என்பதால், குறைந்திருந்தாலும் அதுவே முடிவு இல்லை. எந்த ஜீன் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும். அதனால் குழந்தைக்கு எடுத்த எடுப்பில் பயாப்ஸி என்பதை நான் ஏற்க மாட்டேன்.

எக்ஸோம் உட்கருவில் புரதம் தயாரிக்கும் பகுதிகளை மட்டும் படிக்கிறது, மொத்த ஜீனோமில் அது ஒன்றிரண்டு சதவீதம்தான். லீ சிண்ட்ரோம் மாதிரி, மூளையின் ஆழ்பகுதி பாதிக்கப்பட்ட குழந்தைக்கு, அதுவும் பெற்றோர் உறவினர் என்றால், இது நல்ல தொடக்கம், விலையும் ஜீனோமைவிடக் குறைவு. குழந்தையோடு அப்பா அம்மா ரத்தத்தையும் சேர்த்தே கொடுங்கள். ஒரே ஜீனில் இரண்டு மாற்றம் தெரிந்தால், ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து என்று அப்போதுதான் உறுதியாகும். ஆனால் வழக்கமான எக்ஸோம் வட்ட டிஎன்ஏவுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. சில லேப்கள் அதையும் சேர்த்துப் படிக்கின்றன, பல லேப்கள் சேர்ப்பதில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது.

முழு ஜீனோம் ஒரே சாம்பிளில் இரண்டு டிஎன்ஏவையும் படித்துவிடும். இங்கிலாந்தின் ஒரு லட்சம் ஜீனோம் திட்டத்திலிருந்து 2021-இல் வெளிவந்த ஒரு ஆய்வு என் எண்ணத்தை உறுதிப்படுத்தியது. மைட்டோகாண்ட்ரியா நோய் என்று டாக்டர்கள் சந்தேகித்த 319 குடும்பங்களில் 104-க்கு ஏதோ ஒரு விடை கிடைத்தது. அந்த 104-இல் 65 குடும்பங்களுக்கு வந்த விடை மைட்டோகாண்ட்ரியா நோயே அல்ல, வேறு மரபணு நோய்! இந்த நோயின் அறிகுறிகள் அவ்வளவு தூரம் மற்ற நோய்களோடு கலந்து கிடக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா ஜீன்களை மட்டும் பார்க்கும் சின்ன பேனல் டெஸ்ட் எடுத்திருந்தால் அந்த 65 குடும்பங்களுக்கும் வெறும் "நெகட்டிவ்" என்ற தாள்தான் கிடைத்திருக்கும். அதனால் பேனலை நான் யாருக்கும் சொல்வதில்லை.

சரி, அப்போ எல்லாருக்கும் ஜீனோம் போதுமா? போதாது, இங்கேதான் சாம்பிள் விஷயம் வருகிறது. ஒரு செல்லில் வட்ட டிஎன்ஏ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும், அதில் சில பிரதிகள் மட்டுமே கெட்டிருக்கலாம், அந்த விகிதமும் உறுப்புக்கு உறுப்பு மாறும். வட்ட டிஎன்ஏவின் 3243-ஆம் இடத்தில் ஏ என்ற எழுத்து ஜி ஆகிவிடும் மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய், காது மந்தம், இளம் வயதிலேயே பக்கவாதம் போன்ற தாக்குதல் என்று ஒரே குடும்பத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி வரும் நோய் அது. ரத்தத்தில் இதன் அளவு வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். ஐம்பது வயது அம்மாவின் ரத்தத்தில் கண்ணுக்கே படாமல் போகலாம், அதே அம்மாவின் சிறுநீரில் உதிரும் செல்களில் தெளிவாகத் தெரியலாம். சிறுநீர் டெஸ்டுக்கு ஊசியும் வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம், ஆனாலும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். அம்மா வழியில் சர்க்கரையும் காது மந்தமும் சேர்ந்து ஓடுகிற குடும்பம் என்றால், எக்ஸோமுக்கு முன்னால் சிறுநீர் டெஸ்டைத்தான் கேட்பேன்.

திடீரென்று இளைஞர்களின் பார்வையைப் பறிக்கும் லெபர் நோய் இதற்கு நேர் எதிர். 11778, 3460, 14484 என்ற மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும், அதுவும் பொதுவாக எல்லாப் பிரதிகளிலும் இருக்கும் என்பதால் ரத்தமே தாராளம்.

தசை பயாப்ஸிக்கு இன்றும் தனி இடம் உண்டு. இமை தொங்கி, கண் அசைவு குறைந்த பெரியவருக்கு வட்ட டிஎன்ஏவில் பெரிய துண்டே காணாமல் போயிருக்கலாம், அது ரத்தத்தில் தெரியாமல் தசையில் மட்டும் தெரிவது வழக்கம். ரத்தத்தில் இல்லாததை எத்தனை ஆழமாகப் படித்தாலும் ஜீனோமால் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம், ரிப்போர்ட்டில் "பொருள் தெளிவற்ற மாற்றம்" என்று வந்து நிற்கும்போது, அது உண்மையிலேயே பாதிப்பைத் தருகிறதா என்று சோதிக்கவும் தசையோ தோல் செல்களோ வேண்டும். தோல் செல்களில் ஆர்என்ஏவை, அதாவது ஜீனிலிருந்து செல் எடுக்கும் நகலைப் படிப்பது இன்னொரு வழி. 2017-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், எக்ஸோமில் விடை கிடைக்காத 48 பேரில் 5 பேருக்கு இப்படி விடை கண்டார்கள். ஆனால் அது கடைசிப் படி, எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை.

ஆக, குழந்தைக்கு வசதி இருந்தால் பெற்றோர் சாம்பிளோடு ஜீனோம், இல்லையென்றால் வட்ட டிஎன்ஏவும் சேர்ந்த எக்ஸோம். அம்மா வழிக் குடும்ப வரலாறு உள்ள பெரியவருக்கு முதலில் சிறுநீர். கண் தசை பாதித்தவருக்குப் பயாப்ஸியைத் தள்ளிப்போட வேண்டாம்.

எதை எடுத்தாலும் ரிப்போர்ட் வரப் பல வாரம் ஆகும். அதுவரை வலிப்புக்கு சோடியம் வால்ப்ரோயேட் கொடுக்கும் முன் டாக்டரிடம் பேசுங்கள். பி.ஓ.எல்.ஜி என்ற ஜீனில் கோளாறு இருப்பவர்களுக்கு அந்த மருந்து கல்லீரலையே செயலிழக்கச் செய்துவிடக்கூடும். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், மாற்று மருந்தை டாக்டர்தான் தர வேண்டும். ஸ்கேனில் லீ சிண்ட்ரோம் போலத் தெரியும் குழந்தைக்கு பயோட்டினும் தயமினும் தொடங்கலாமா என்றும் அன்றைக்கே கேளுங்கள். எஸ்எல்சி19ஏ3 என்ற ஜீன் கோளாறு ஸ்கேனில் அப்படியே லீ மாதிரிதான் இருக்கும், இந்த இரண்டு வைட்டமின்களையும் சீக்கிரம் கொடுத்தால் குழந்தை தேறிவிட வாய்ப்பு உண்டு, ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.