மாஸ்டர் சொல்லா, கூடிப் பேசுவதா?

இலங்கையின் தேயிலைத் தோட்ட மலையகத்தில் கலை செய்யும் இடத்தில் யார் சொல் நடக்கும்? மன்மதன், ரதி கதையை ஆடும் மாசி மாதக் காமன் கூத்தையும் ஹட்டன் பக்க இளைஞர்களின் வீதி நாடகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கூத்தில், ஆட்டத்தைப் பழக்கி நடத்தும் மாஸ்டர் வைத்ததுதான் சட்டம். மன்மதன் யார், ரதி யார், பாட்டை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவர் கையில். பாட்டு முழுக்க அவருக்கு மனப்பாடம். அதிகாரம் வந்ததே அந்த வழியில்தான். விடிய விடிய ஆட்டம். பனியில் தப்பு மேளத்தின் தோல் தொய்ந்துவிட்டால் அடிப்பவர் நெருப்பில் காட்டப் போய்விடுவார். அதுவரை ரதியைப் பாடவிடுவதா, எமனை இறக்குவதா? மாஸ்டர் கண்ணைக் காட்டினால் போதும். அந்த நேரத்தில் யாரும் கூட்டம் போட முடியாது. ஆனால் "ஏன் மாஸ்டர், ரதிக்கு ஒரு பொம்பளப் புள்ளைய போட்டா என்ன?" என்று கேட்கவும் யாருக்கும் துணிவு வராது.

வீதி நாடகத்தில் அதைக் கேட்கலாம். ஒத்திகையைப் பார்த்த கொழுந்து பறிக்கும் அக்கா, "நிறுக்கிற எடத்துல கிலோ வெட்டுறத காட்டலயே தம்பி" என்றால் காட்சியே மாறும். தோட்டத் தொழிலாளர்களுக்கு 2021இல் வந்த 1000 ரூபாய் நாட்சம்பளம் பற்றிய நாடகத்துக்கு இந்த மாதிரிப் பேச்சு இல்லாமல் உயிர் வராது. தொல்லை என்னவென்றால், முடிவு கடைசி நாள்வரை இழுபடும். தலைவர் இல்லை என்பார்கள். சத்தமாகப் பேசுகிறவர் சொன்னதே கடைசியில் நடக்கும். மாஸ்டரிடமாவது யாரைக் குறை சொல்வது என்று தெரியும்!

என்னைக் கேட்டால், கதை கட்டும்வரை எல்லோரும் பேசட்டும். ஆட்டத்தன்று ஒருவர் சொல்வதைக் கேட்கட்டும். அந்த ஒருவர் யாரென்பதை ஒத்திகை தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.