ஜல்லித் தொட்டியா, பிவிசி குழாயா?

வீட்டில் அக்வாபோனிக்ஸ், அதாவது மீன் வளரும் தண்ணீரிலேயே செடியும் வளர்க்கும் முறை, வைக்க நினைப்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. மீன் தொட்டி எல்லாருக்கும் ஒன்றுதான். அந்தத் தண்ணீரைச் செடிக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் பிரிவு. முக்கால் இன்ச் ஜல்லி நிரப்பிய தொட்டியில் செடியை நட்டு, தண்ணீரை ஏற்றி இறக்குவது ஒரு வழி. நாலு இன்ச் பிவிசி குழாயில் ஓட்டை போட்டு, வலை போன்ற சின்னக் கிண்ணத்தில் (நெட் பாட்) செடியை இறக்கி, அடியில் மெல்லிய ஓட்டமாகத் தண்ணீர் விடுவது இன்னொரு வழி. இதை என்எஃப்டி (நியூட்ரியன்ட் ஃபிலிம் டெக்னிக்) என்பார்கள். எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டையும் ஓட்டினோம். இப்போது ஓடுவது ஜல்லி மட்டும். ஆகவே இது நடுநிலைத் தீர்ப்பு கிடையாது.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். குழாய் பார்க்க அழகு, பாரம் குறைவு, சுவரோரமாக நாலு அடுக்கு ஏற்றலாம். ஜல்லி கனம், இடத்தை அடைக்கும்; தூசி போகக் கழுவி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். தண்ணீர்ச் சிக்கனம் இரண்டிலும் உண்டு. கீரை இரண்டிலும் நன்றாக வரும். கத்தரி, தக்காளி என்று வேர் பெருக்கும் செடிகள் வேண்டுமானால் ஜல்லிதான்.

என் முடிவை மாற்றியது வேறு கேள்வி: மீன் போடும் கழிவை யார் அள்ளுவது?

மீனுக்குப் போடும் தீவனத்தில் ஏறக்குறைய கால் பங்கு திடக்கழிவாக வெளியே வரும். அது உலர் எடை; தண்ணீரில் ஊறியபின் சேறு மாதிரி பெருகித் தெரியும். கீரைப் பாத்தி ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நாலு சதுர மீட்டர் போட்டால் தினமும் 200 கிராம் வரை தீவனம், அதிலிருந்து 50 கிராம் வரை காய்ந்த கழிவு. வாரம் முழுக்க நிற்காமல் வந்துகொண்டே இருக்கும்.

குழாய் முறையில் இதற்குப் போக்கிடமே இல்லை. தண்ணீர் குழாய்க்குள் நுழையும் முன் ஒரு டிரம்மில் சுழல விட்டு கசடைப் படிய வைக்க வேண்டும். மிச்சத்தை வலையில் பிடிக்க வேண்டும். மீன் வெளியிடும் அம்மோனியாவைச் செடிக்கு உரமாகும் நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவுக்குத் தனியாக ஒரு பயோஃபில்டரும் வேண்டும். வலையை ரெண்டு நாள் கழுவாமல் விட்டால் நுண்கசடு உள்ளே போய்விடும். குழாய் முனையில் இருக்கும் மூடியைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்: புதினா வேர் குழாயின் வளைவுக்கே படிந்து தேங்காய் நார் மிதியடி மாதிரி இறுகியிருக்கும், இழைக்கு இழை பழுப்புக் கொழகொழப்பு, கிளறினால் அழுகல் வாடை. அந்த வேர் அடைப்புக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, மேல் ஓட்டை வழியாகப் பொங்கி வழியும். வழிந்த தண்ணீர் மீன் தொட்டிக்குத் திரும்பாது என்பதை மறக்கக் கூடாது. காலையில் தொட்டி பாதியாக இருக்கும்.

ஜல்லியில் அந்தப் பாத்தியே வடிகட்டி, அதுவே பயோஃபில்டர். ஒரு அடி ஆழத்தில் மேலே ரெண்டு இன்ச் எப்போதும் காய்ந்திருக்கும், நடுப்பகுதி நனைந்து வடியும், அடியில் கொஞ்சம் எப்போதும் ஈரம். கழிவு ஜல்லிச் சந்தில் தங்கி அங்கேயே மக்குகிறது. ஒரு பிடி மண்புழு விட்டால் வேலை இன்னும் சுலபம். கையை விட்டுத் துழாவினால் கறுப்பாகத் துகள் வரும், வாடை இருக்காது. அடர்த்தியாக மீன் விட்டால் இதுவும் அடைக்கும். 1000 லிட்டருக்கு 10 முதல் 20 கிலோ மீன் என்ற அளவுக்குள் நிற்பவர்களுக்குத்தான் நான் சொல்வது பொருந்தும். ஆண்டுக்கணக்கில் போனால் அடியைக் கிளறிவிட வேண்டிவரும் என்கிறார்கள். என் பாத்திக்கு அந்த வயது ஆகவில்லை.

கரண்ட் போனாலும் ஜல்லிக்கே சாதகம். கோடை மதியத்தில் ஓட்டம் நின்ற குழாயில் செடி சீக்கிரமே தலை தொங்கிவிடும். ஜல்லி ஈரம் காத்து நிற்கும். மீனுக்கு மட்டும் எந்த முறையானாலும் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் வேண்டும். (காற்றைச் சுவாசிக்கும் விரால், பனையேறிக் கெண்டை இந்த விஷயத்தில் கெட்டி. ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது சகாயமாகத் தந்தால் வாங்காதீர்கள், இந்தியாவில் அது தடை செய்யப்பட்ட மீன்.)

ஜல்லிக்காரர்கள் படும் பாடு ரெண்டு. ஒன்று, பெல் சைஃபன், அதாவது பாத்தி நிரம்பியதும் தண்ணீரைத் தானாக இழுத்து வடிக்கும் குழாய் அமைப்பு. வரத்து குறைந்தால் சைஃபன் பிடிக்காமல் தண்ணீர் ஒழுகிக்கொண்டே நிற்கும். கூடினால் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். வால்வைத் திருகித் திருகித்தான் பிடிபடும். இன்னொன்று, கல்லின் தரம். சுண்ணாம்புக்கல் கலந்திருந்தால் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) ஏறி, இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்காமல் இளந்தளிர் வெளுக்கும். லோடு இறக்கும் முன் நாலு கல்லை வினிகரில் போடுங்கள். நுரைத்தால் திருப்பி அனுப்பிவிடலாம். போர் தண்ணீரே உப்பாகவும் கடினமாகவும் இருக்கும் ஊர்களில், நல்ல கல் போட்டாலும் பிஎச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தெர்மாகோல் மிதவையில் நடும் மூன்றாவது முறையை நான் ஓட்டியதில்லை. கரண்ட் போனாலும் வேர் தண்ணீரில்தான் இருக்கும், அது பெரிய லாபம். கழிவை முன்கூட்டியே பிரிக்கும் தொல்லை அதிலும் உண்டு.

மொட்டை மாடி என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள். ஏறிப் புழங்கும் மாடிக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டடத் தரநிலை சொல்லும் லைவ் லோடு (கட்டடத்தின் சொந்த எடை போக மேலே ஏறும் பாரம்) சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. ஒரு அடி ஜல்லி தண்ணீரோடு 500 கிலோவைத் தாண்டும். அங்கே குழாய்தான், வேண்டுமானால் எடை குறைந்த சுட்ட களிமண் உருண்டை நிரப்பிய சின்னத் தொட்டி ஒன்றைக் குழாய்க்கு முன்னால் வைத்து வடிகட்டியாக்கிக்கொள்ளலாம். அதையும் மீன் தொட்டியையும் எந்த பீம் மேல் வைப்பது என்று இன்ஜினியரிடம் கேட்டபிறகு தண்ணீர் நிரப்புங்கள். 1000 லிட்டர் என்பது ஒரு டன்.