வயிற்றில் ஜெல்லி: மும்பையில் ஓர் அபூர்வக் கட்டிக்குக் கிடைத்த சிகிச்சை பற்றி

கடந்த ஆண்டு மும்பையின் கிழக்குப் புறநகரில் உள்ள ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் அம்மாவுக்குப் பதினோரு மணி நேரம் வயிற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. ஏழாம் நாள் அதிகாலையில் அதே வயிற்றை மீண்டும் திறக்க வேண்டியதாயிற்று. அந்த மருத்துவமனையின் வயிற்றறைப் புற்றுநோய் அறுவைப் பிரிவைப் பற்றி எழுதுகிறேன். அறுவைக்குப் பின் நேர்ந்த சிக்கலும் பில் பற்றிய மனக்குறையும் இதில் வருவதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

நாங்கள் ஆண்டாப் ஹில்லில் இருக்கிறோம். அம்மாவுக்கு 57 வயது. ஒன்றரை ஆண்டுகளாக வயிறு மெல்ல மெல்லப் பெருத்து வந்ததை வாயு என்றும், மாதவிடாய் நின்றபின் வரும் தொப்பை என்றும் வீட்டில் எல்லோருமே சொல்லிக்கொண்டிருந்தோம். உள்பாவாடை நாடாவைக் கட்டவே முடியாத நிலை வந்த பிறகுதான் பக்கத்து நர்சிங் ஹோமுக்குப் போனோம். சோனோகிராபியில் வயிற்றில் நீர் என்று வந்தது. ஊசி போட்டு உறிஞ்சியபோது ஒரு சொட்டும் வரவில்லை. இரத்தத்தில் சிஏ-125 என்ற புரதத்தின் அளவு கூடியிருந்ததால் சினைப்பைப் புற்றுநோய் என்று முடிவு செய்து, முதலில் கீமோதெரபி, பிறகு கருப்பையையும் சினைப்பைகளையும் எடுப்பது என்று தேதியும் குறித்துவிட்டார்கள்.

ஊசியில் எதுவும் வராததையே முக்கியமான தடயமாக எடுத்துக்கொண்டவர், பிறகு நாங்கள் சென்ற இந்தப் பிரிவின் தலைமை அறுவை மருத்துவர். நீராக இருந்தால் வந்திருக்கும், வராதது கெட்டியான சளியாக இருக்கலாம் என்றார். சி.டி. ஸ்கேன் படத்தைத் திரையில் எங்களுக்கும் காட்டி, கல்லீரலின் விளிம்பு வெளியிலிருந்து அழுத்தப்பட்டு அலை அலையாக நெளிந்திருப்பதையும், குடல்வால் விரல் பருமனுக்கு வீங்கியிருப்பதையும் தொட்டுத் தொட்டு விளக்கினார். சிஏ-125 சினைப்பைக்கு மட்டும் உரியதல்ல, வயிற்றறையின் உறை உறுத்தப்பட்டாலே கூடும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

வயிற்றுக்குள் பரவியிருந்த கொழுப்புத் திரையிலிருந்து திசு எடுத்துச் சாயப் பரிசோதனை செய்தார்கள். பெருங்குடல், குடல்வால் வகைத் திசுக்களில் தெரியும் சிகே20, சிடிஎக்ஸ்2 என்ற புரதங்கள் இரண்டும் தெரிந்தன. சினைப்பைக் கட்டிகளில் பெரும்பாலும் தெரியும் பாக்ஸ்8 என்ற புரதம் தெரியவில்லை. நோயின் பெயர் சூடோமிக்சோமா பெரிட்டோனை. 1884இல் வெர்த் என்ற ஜெர்மானிய மருத்துவர் வைத்த பெயர் அது. ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கே வருவது. பெரும்பாலும் குடல்வாலில் முளைக்கும் சளிக்கட்டி ஒன்று குடல்வாலை வெடிக்கச் செய்ய, அதன் செல்கள் வயிற்றறை முழுதும் சிதறி, விழுந்த இடங்களில் ஒட்டிக்கொண்டு ஜெல்லியைச் சுரந்துகொண்டே இருக்கும். அம்மாவுக்கு இருந்தது வீரியம் குறைந்த வகை. நரம்பு வழியாக ஏற்றும் கீமோதெரபியால் இந்த வகைக்குப் பெரிய பலன் இருப்பதில்லை. குறித்த தேதியில் அந்தக் கீமோதெரபியைத் தொடங்கியிருந்தால் அம்மாவின் உடல் எவ்வளவு தளர்ந்திருக்கும் என்று எண்ணும்போது இன்றும் கை நடுங்குகிறது. சந்தேகம் இருப்பவர்கள் அறிக்கையை மட்டும் வாங்காமல், எடுத்த திசு இருக்கும் ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் கேட்டு வாங்குங்கள். 1941 முதல் பரேலில் இயங்கும் டாட்டா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களில் அவற்றை மறுபடி படித்துச் சொல்வார்கள்.

அறுவைக்கு முந்தைய ஆயத்தத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மண்ணீரலை எடுக்க நேரலாம் என்பதால் இரண்டு வாரம் முன்பே நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகளைப் போட்டார்கள். வயிற்றைப் பதின்மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நோய் எவ்வளவு இருக்கிறது என்பதற்குப் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் போட்டு, 39க்கு எவ்வளவு என்று கணக்கிடும் முறையைத் தாளில் வரைந்து காட்டினார்கள். திறந்து பார்த்தபோது அம்மாவின் எண் 22. குடல்வாலோடு வலப்பக்கப் பெருங்குடல், கொழுப்புத் திரை, மண்ணீரல், பித்தப்பை, கருப்பை, சினைப்பைகள், நோய் படிந்த உறைகள் என ஒவ்வொன்றாக அகற்றி, கண்ணுக்குத் தெரியும் கட்டி எதுவும் மீதமில்லை என்று உறுதி செய்துகொண்டு, 42 டிகிரிக்குச் சூடாக்கிய மைட்டோமைசின் என்ற புற்றுநோய் மருந்தை 90 நிமிடம் வயிற்றுக்குள் சுற்றவிட்டார்கள்.

ஆயினும் இந்தப் பிரிவை நான் மெச்சுவதற்கு முதற்காரணம் அந்தப் பதினோரு மணி நேரம் அன்று. இத்தனை உறுப்புகளை எடுத்து, குடலை வெட்டி இணைத்து, சூடான மருந்தும் ஊற்றும் சிகிச்சையில் சிக்கல்கள் நேரவே செய்யும். கசிவு வரலாம், இரத்தம் கசியலாம், பத்தாம் நாள் வாக்கில் வெள்ளணுக்கள் சரியலாம் என்று கையெழுத்து வாங்கும் முன்பே சொன்னார்கள். சிக்கலை எத்தனை மணி நேரத்தில் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில்தான் ஒரு பிரிவின் தரம் எனக்குத் தெரிந்தது.

ஆறாம் நாள் இரவு அம்மாவுக்குக் காய்ச்சல் பெரிதாக இல்லை. வலியும் முந்தைய நாளைப் போலத்தான் இருந்தது. நாடித்துடிப்பு மட்டும் மாலையிலிருந்து ஏறி 118இல் நின்றது. இரவுப் பணியில் இருந்த செவிலியர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். "இப்ப மூச்சு வாங்குதாம்மா? நேத்து இப்படி இல்லையே" என்று கேட்டுக்கொண்டே வயிற்றிலிருந்து குழாய் வழியாக நீர் வடியும் டிரெயின் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நீர் கலங்கி, பச்சையும் பழுப்புமாக மாறியிருந்தது. காலையில் டாக்டர் வரட்டும் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு மணிக்கு இளம் மருத்துவர் வந்தார், மூன்று மணிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், குடலை இணைத்த இடத்தில் கசிவு என்று தெரிந்ததும் தலைமை மருத்துவரே வந்து சேர்ந்தார். அவர் எங்களை உட்கார வைத்து, என்ன நேர்ந்தது, ஏன் மறுபடி திறக்க வேண்டும், சிறுகுடலை வயிற்றின் மேற்பரப்பில் தற்காலிகமாகத் திறந்துவைக்க நேரும் என்பதை மறைக்காமல் சொன்னார். ஆறு மணிக்கு அம்மா அறுவை அரங்கில் இருந்தார். பகல் வரை தள்ளிப்போட்டிருந்தால் வயிறு முழுதும் சீழ் பரவியிருக்கலாம்.

பிறகு பன்னிரண்டு நாள் நரம்பு வழி உணவு, நடுவில் வெள்ளணு சரிந்தபோது ஊசி, தனி அறை. நான்கு மாதம் கழித்துக் குடலை மறுபடி உள்ளே இணைத்தார்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது அறுவைக்கான செலவு முதல் மதிப்பீட்டில் எங்குமே இல்லை. கசிவு வரலாம் என்று வாயால் சொன்னவர்கள், வந்தால் எவ்வளவு ஆகும் என்பதைத் தாளில் எழுதித் தந்திருக்கலாம். சம்மதப் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, மராத்தியில் மட்டும் இருந்தன. சயான், தாராவி, செம்பூர் என்று சுற்றிலும் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கையில், அம்மா தாமே படித்துப் புரிந்துகொள்ளும் ஒரு தாளும் அங்கே கிடைக்கவில்லை. இவை இரண்டையும் விட என்னை அழவைத்தது, வயிற்றின் மேல் திறந்துவைத்த குடலில் மலத்தைச் சேர்க்க ஒட்டும் பையை மாற்றும் பயிற்சி. அதை டிஸ்சார்ஜுக்கு முந்தைய மாலையில், அதுவும் ஒரே முறை காட்டினார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே பை கசிந்து தோல் புண்ணாகி, அம்மா இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். பையின் வட்டத் துளையை அளந்து வெட்டுவதையும், பசை ஒட்டும் முன் தோலை நன்றாக உலர்த்துவதையும் முதல் வாரத்திலேயே எங்கள் கையாலேயே செய்யவைத்திருந்தால் அந்தப் புண் வந்திருக்காது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். அந்த ஒன்றைக் குறைத்தது பைப் பயிற்சிக்காகத்தான். அதைக் கடிதமாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் தொடர்கின்றன. அடுத்த பரிசோதனைக்கும் இதே பிரிவில்தான் நாள் வாங்கியிருக்கிறோம்.