ஆறு வருடம் உழைத்த ஐந்து மீட்டர் டேப்

கடலூர் முதுநகரில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். என் இடுப்பில் தொங்கும் ஐந்து மீட்டர் ஸ்டீல் டேப்புக்கு இப்போது ஆறு வயது. இதற்கு முன் வாங்கிய மூன்றும் இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. காரணம் உப்புக் காற்று. தேவனாம்பட்டினம் பக்கம் நான்கு வீட்டு வேலை முடிவதற்குள் தகட்டின் ஓரம் துருவேறி எண்கள் உரிந்துவிடும். இது நைலான் பூச்சுள்ள தகடு. ஈரத்தோடு சுருட்டாமல் துணியால் துடைத்து உள்ளே விடுகிறேன், அவ்வளவுதான்.

முனைக் கொக்கி லேசாக ஆடும். பட்டறைக்குப் புதிதாக வந்த தம்பி, அதைப் பழுது என்று நினைத்துத் தன் டேப்பின் ரிவெட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிட்டான். “ஆட்டம் நின்றுவிட்டது அண்ணே” என்று பெருமை வேறு. அன்று அவன் அறுத்த எட்டு அலமாரித் தட்டுகளும் ஒரு மில்லிமீட்டர் குட்டை. கொக்கி தன் தடிமன் அளவுக்குத்தான் ஆடும். பலகை விளிம்பில் மாட்டி இழுத்தால் வெளியே நகரும், சுவரில் முட்டினால் உள்ளே போகும். இரண்டிலும் கணக்கு பூஜ்யத்திலிருந்தே தொடங்கும்.

புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுக் காலத்து வீடுகளுக்கு ஜன்னல் செய்யும்போது நிலையின் உள்ளளவு எடுப்பதுதான் தலைவலி. சுண்ணாம்புச் சுவர் மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு காட்டும். மூலையில் தகட்டை வளைத்துக் குத்துமதிப்பாகப் படிக்காமல், டேப்பின் முதுகைச் சுவரில் அணைத்து, அதன் மேல் அச்சிட்டிருக்கும் பெட்டி நீளத்தைக் கூட்டிக்கொள்கிறேன்.

கொத்தனார் இன்னும் நூல் கணக்கில்தான் பேசுவார். அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல், 3.175 மில்லிமீட்டர். கீல், பூட்டு எல்லாம் மில்லிமீட்டரில் வருகின்றன. அதனால் ஒரு ஓரம் அங்குலமும் மறு ஓரம் மில்லிமீட்டரும் இல்லாத டேப்பை நான் தொடுவதில்லை. தகட்டில் துல்லிய வகுப்பைக் காட்டும் ரோமன் இரண்டு (II) இருக்கிறதா என்றும் பார்ப்பேன்; ஐந்து மீட்டரில் பிழை 1.3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அந்த வகுப்பின் வரம்பு.

குறையும் உண்டு. தகட்டின் அகலம் 19 மில்லிமீட்டர்தான். குழிந்த வளைவு இருந்தும் ஒன்றரை மீட்டர் தாண்டினால் மடிந்து விழுகிறது. தனியாளாக அளப்பவர்கள் 25 மில்லிமீட்டர் அகலத்தில் வாங்குங்கள். முதல் சில அங்குல எண்களும் தேய்ந்துவிட்டன. பத்து சென்டிமீட்டரிலிருந்து தொடங்கிக் கழித்துக்கொள்கிறேன். ஒருமுறை கழிக்க மறந்து ஒரு தேக்குச் சட்டத்தைப் பாழாக்கினேன்.

தம்பி இறுக்கிய டேப்பை மரவாடிக்கு மட்டும் எடுத்துப் போகிறோம்.