மருந்தால் வந்த தவிப்புக்கு மருந்தையே கூட்டினார்கள்

ரங்கூனில் நம்மவர்கள் வீட்டில் யாராவது மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டால் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

தம்பிக்குக் காதில் குரல் கேட்கிறது என்று ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். பெயர் வேண்டாம். மாத்திரையில் குரல் அடங்கியது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் சில நாளிலேயே வேறு தொல்லை. உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது. நின்றால் இந்தக் கால், அந்தக் கால் என்று மாற்றி மாற்றி மிதிப்பான். டீக்கடைக் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தால், டீ வருவதற்குள் எழுந்து ரோடு வரை போய் வந்துவிடுவான். ராத்திரியெல்லாம் நடை. "எங்கேயாவது ஓடிடணும் போல இருக்குக்கா, எங்கேன்னுதான் தெரியலை" என்றான். காளி கோயிலில் பார்த்தவர்கள் மந்திரிக்கச் சொன்னார்கள்.

கிளினிக்கில் சொன்னோம். டாக்டர் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "வியாதி முற்றுது" என்று டோஸைக் கூட்டினார். கூடவே சத்து ஊசி, குளுக்கோஸ் பாட்டில். பில்லில் பாதிக்கு மேல் இதுதான்! டோஸ் ஏறியதும் தவிப்பு இன்னும் மோசம். "இதுக்குச் செத்துடலாம்" என்று பேச ஆரம்பித்தான். எங்களுக்குக் கை கால் ஓடவில்லை.

வேறொரு மனநல டாக்டரிடம் ஓடினோம். அவர் முதலில் கேட்டது மருந்தின் பெயர். எங்களிடம் இருந்ததோ, அட்டையிலிருந்து வெட்டிப்போட்ட மாத்திரைகள், பெயரில்லாத பிளாஸ்டிக் பை, அதில் பேனாவால் நேரம் மட்டும். இங்கே தலைவலி என்று கடைக்குப் போனாலும் நாலைந்தைக் கலந்து இப்படித்தானே தருகிறார்கள். பழைய கிளினிக்கில் சண்டை போட்ட பிறகுதான் அது ஹாலோபெரிடால் என்று சொன்னார்கள்.

புது டாக்டர் தம்பியை உட்கார வைத்துக் கொஞ்ச நேரம், நிற்க வைத்துக் கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினார், கண் மட்டும் அவன் காலில். உள்ளுக்குள் எப்படி இருக்கிறது என்று அவனையே கேட்டார். இது அகதீசியா, மருந்தின் பக்க விளைவு என்றார். மருந்து தொடங்கிய அல்லது கூட்டிய சில நாள், சில வாரத்தில் வருமாம். ஹாலோபெரிடாலில் அதிகம், ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் என்ற மற்ற மனநோய் மருந்துகளிலும் உண்டு. வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைடுகூட இதைக் கிளப்புமாம்.

டோஸைக் குறைத்து, நாடியும் பிரஷரும் பார்த்துவிட்டு, பிரஷருக்கும் தரும் ப்ராப்ரனலோல் மாத்திரையைச் சேர்த்தார். அடங்காவிட்டால் குவெட்டியாபின் மாதிரி வேறு மருந்துக்கு மாற்றலாம், சிலருக்குக் குறைந்த டோஸில் மிர்ட்டாசபின் என்ற மனச்சோர்வு மருந்து கேட்கும் என்றார். கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் தரும் ட்ரைஹெக்சிபெனிடில் இந்தத் தவிப்புக்குப் பெரிதாக உதவாதாம். தம்பிக்கு மாற்று மருந்து தேவைப்படவில்லை, இப்போது ராத்திரி தூங்குகிறான்.

எந்த கிளினிக்காக இருந்தாலும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதி வாங்காமல் படியிறங்காதீர்கள். தவிப்பு வந்தால் மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது, பழைய வியாதி திரும்பிவிடலாம். ப்ராப்ரனலோலைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. சாகிற பேச்சு வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள்.