குளிர்காலம் முழுதும் நிற்கப்போகும் காருக்கு: சிடெக் எம்.எக்ஸ்.எஸ் 5.0 சார்ஜர் எப்படி?

ரொறன்ரோவில் நவம்பர் கடைசியில் வீதிக்கு உப்புக் கொட்டத் தொடங்கினால், ஏப்ரல் மழை வந்து கழுவும்வரை அது தாரோடு தாராகக் கிடக்கும். அந்தக் காலத்தில் காரை நிறுத்தி வைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. நல்ல கார் ஒன்றைக் கோடையில் மட்டும் ஓடுபவர்கள் ஒரு வகை. டிசம்பரில் யாழ்ப்பாணமோ சென்னையோ போய், தைப்பொங்கல் முடித்து மாசியில் திரும்புகிறவர்கள் மற்ற வகை. இருவருக்கும் திரும்பி வந்ததும் காத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வருவது.

கடைகளில் குளிர்காலச் சேமிப்புக்கென்று உறை, பெற்றோல் மருந்து, ஈரம் உறிஞ்சும் டப்பா, எலி விரட்டும் ஸ்பிரே என்று ஒரு தட்டு நிறையப் பொருள்கள் அடுக்கியிருக்கும். அவற்றில் ஒன்றுக்கு மட்டும்தான் காசு செலவழிக்க முடியும் என்றால், அது பற்றரியை நிரம்பிய நிலையில் வைத்திருக்கும் தானியங்கிச் சார்ஜராகத்தான் இருக்கவேண்டும். மற்றவை பாதி உங்கள் கைவேலை, பாதி தேவையில்லாதவை. இந்த வகைச் சார்ஜர்களில் நீண்டகாலமாகப் பெயரெடுத்தது சுவீடன் நாட்டு சிடெக் நிறுவனத்தின் எம்.எக்ஸ்.எஸ் 5.0.

நிற்கும் காரும் மின்சாரம் குடிக்கும். அலாரம், சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர், கணினிகளின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி அம்பியர் வரை எடுப்பது வழமை. 40 மில்லி அம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 அம்பியர்-மணி போகும். 60 அம்பியர்-மணி பற்றரி ஒரு மாதத்தில் பாதியாகும், இரண்டு மாதத்தில் வெறுமையாகும். வெறுமையானால் ஜம்ப் கொடுத்துக் கிளப்பலாம் என்று நினைப்பதுதான் தவறு. நிரம்பிய பற்றரியின் அமிலம் மைனஸ் 50 பாகையிலும் உறையாது. இறங்கிய பற்றரியில் இருப்பது ஏறக்குறைய தண்ணீர், அது மைனஸ் 10 பாகை அளவிலேயே உறைந்துவிடும். உறைந்தால் தகடுகள் வளையும், பெட்டி வெடிக்கும். அப்படி உறைந்த பற்றரிக்கு ஜம்ப் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. உறையாவிட்டாலும், இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேற் படிந்து இறுகி, பழைய கொள்ளளவு திரும்ப வராது.

எம்.எக்ஸ்.எஸ் 5.0 அதிகபட்சம் 5 அம்பியர் கொடுக்கும், 110 அம்பியர்-மணி வரையான பற்றரிகளை நிரப்பும், 160 வரை பராமரிக்கும். வேலை எட்டுப் படிகளில் நடக்கிறது. முதல் படிகள் சல்பேற்றை உடைத்து மெதுவாகத் தொடங்கும். பிறகு நிரப்பும். ஐந்தாவது படியில் சார்ஜை நிறுத்திவிட்டு, பற்றரி தானாக நிற்கிறதா என்று பார்க்கும். ஏழாவது படியில் 13.6 வோல்ட்டில் பத்து நாள் பிடித்து வைத்திருக்கும். எட்டாவது படிதான் சேமிப்புக்கு முக்கியம்: தொடர்ந்து மின்சாரம் தள்ளாமல், வோல்ட் குறையும்போது மட்டும் ஒரு துடிப்புக் கொடுத்து, கொள்ளளவை 95 முதல் 100 விழுக்காட்டுக்குள் வைக்கும். பழைய காலத்துச் சாதாரண சார்ஜரை மாதக்கணக்கில் விட்டால் அமிலம் கொதித்து வற்றிவிடும். இதை ஐந்து மாதம் விட்டாலும் அப்படி ஆகாது. கருவியில் நான்காவது விளக்கு எரிந்தால் கார் கிளம்பும், ஏழோ எட்டோ எரிந்தால் பற்றரி நிரம்பிவிட்டது. வாசிக்க இவ்வளவுதான்.

பொத்தானில் எதைத் தெரிவது என்பதில் பலர் தவறுகிறார்கள். கார்ப் படம் 14.4 வோல்ட், பனித்துகள் படம் 14.7 வோல்ட். பனித்துகள் என்பது அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏ.ஜி.எம் பற்றரிக்கும், 5 பாகைக்குக் கீழான குளிரில் நிற்கும் சாதாரண பற்றரிக்கும் உரியது. சூடேற்றாத கராஜில் டிசம்பரில் இணைப்பவர் பனித்துகளைத் தெரிவதே சரி. சாதாரண பற்றரியானால் ஏப்ரலில் வெப்பம் ஏறியதும் கார்ப் படத்துக்கு மாற்றிவிடுங்கள். மோட்டார்சைக்கிள் படத்தில் 0.8 அம்பியர்தான் வரும், காருக்கு அது வேண்டாம். ரீகொண்ட் என்ற பொத்தான் 15.8 வோல்ட் வரை போகும். அடியோடு இறங்கிப்போன அமிலப் பற்றரியை மீட்கத்தான் அது. அதைச் சேமிப்புக் காலத்தில் தொடவே வேண்டாம், வாயு வெளிவரும். வெப்பநிலைக்கு ஏற்ப வோல்ட்டைச் சரிசெய்யும் வசதி கருவிக்குள்ளேயே இருப்பதால், சார்ஜரைச் சூடான வீட்டுக்குள் வைத்து வயரை மட்டும் கராஜுக்கு நீட்டக்கூடாது. கருவியும் பற்றரியும் ஒரே குளிரில் இருக்கவேண்டும்.

பெட்டிக்குள் கவ்விகளோடு வளையம் வைத்த வயர் ஒன்றும் வரும். கவ்வியை விட்டுவிட்டு வளையத்தை நிரந்தரமாகப் பூட்டுங்கள். பிறகு ஒவ்வொரு ஆண்டும் பிளக்கைச் செருகினால் போதும், பொனற்றை இறுக மூடவும் முடியும். சிவப்பு பற்றரியின் நேர் முனைக்கு. கறுப்பைப் பொறுத்தவரை ஒரு கவனம் தேவை. இன்றைய பல கார்களில் எதிர் முனையின் மேலேயே ஒரு சிறிய சென்சர் உட்கார்ந்திருக்கும். கறுப்பை நேரே முனையில் பூட்டினால் சார்ஜர் கொடுக்கும் மின்சாரத்தைச் சென்சர் எண்ணாது. பற்றரி நிரம்பியிருந்தும் காரின் கணினி இறங்கியிருக்கிறது என்றே நம்பி, வசந்தத்தில் எச்சரிக்கை காட்டும், சிக்னலில் நிற்கும்போது என்ஜினைத் தானாக அணைத்துக் கிளப்பும் ஸ்ராட்-ஸ்ரொப் வேலை செய்யாது. காரின் உடலில் பூமி இணைப்புக்கென்று விட்டிருக்கும் போல்ற்றில் பூட்டினால் இந்தப் பிரச்சினை இல்லை.

குறைகளும் உண்டு. பற்றரி 2 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் இது அதைக் கண்டுகொள்ளாது, சும்மா கிடக்கும். லித்தியம் பற்றரிக்கு இது பொருந்தாது, அதற்கு சிடெக்கின் வேறு மாதிரி வாங்கவேண்டும். ஐந்தாவது படியில் பிழை விளக்கு எரிந்தால் கருவியைக் குறை சொல்லவேண்டாம், பற்றரி சார்ஜைப் பிடித்து வைக்கவில்லை என்பதே செய்தி. வயது ஆறேழு ஆண்டு என்றால் மாற்றிவிடுவது நல்லது.

போட்டிக்கு நிற்பது நோகோ ஜீனியஸ். ஜீனியஸ் 5 ஏறத்தாழ இதே பலம், விலை குறைவு, 6 வோல்ட்டுக்கும் லித்தியத்துக்கும் தனித் தெரிவுகள் உண்டு, செத்துக்கிடக்கும் பற்றரியைக் கட்டாயப்படுத்தித் தொடங்கும் வசதியும் உண்டு. ஜீனியஸ் 1 இன்னும் மலிவு. 1 அம்பியர்தான் என்றாலும், ஏற்கெனவே நிரம்பிய கார்ப் பற்றரியைப் பராமரிக்க அது தாராளம். பாதி இறங்கியதை நிரப்பத்தான் ஒன்றரை நாளுக்கு மேல் எடுக்கும். அதன் உடல் சுவர்ப் பிளக்கிலேயே தொங்குவதால் எக்ஸ்ரென்ஷன் வயரோடு சேரும்போது கனத்தில் சரிந்து கழன்றுவிடக்கூடும், வயரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். வீட்டில் ஒரு கார், நல்ல பற்றரி, மூன்று மாதப் பயணம் என்றால் ஜீனியஸ் 1 போதும். பழைய பற்றரி, ஐந்து மாதச் சேமிப்பு, ஏ.ஜி.எம் என்றால் சிடெக்குக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண்போகாது. கண்ணாடிக்குள் வைக்கும் சிறிய சூரியத் தகடுகளை வாங்கவேண்டாம். கனடாவின் ஜனவரி வெயிலும் அதன்மேல் மூடும் பனியும் அவற்றுக்கு வேலை வைக்காது.

எந்தச் சார்ஜரானாலும் கராஜின் பிளக் மின்னதிர்ச்சிப் பாதுகாப்பு உள்ளதாக இருக்கும். ஈரத்தில் அந்தப் பாதுகாப்பு ஒருமுறை துண்டித்தால் மின்சாரம் நின்றுவிடும், ஊரில் இருப்பவருக்குத் தெரியாது. யாரையாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் போய் வந்தால் சிடெக் கடைசியாகத் தெரிந்த படத்திலேயே திரும்பத் தொடங்கும், யாரும் பொத்தான் அழுத்தத் தேவையில்லை.

ஸ்காபரோவில் கொன்டோ நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நிறுத்துபவர்களுக்குப் பிளக்கே இருக்காது. அவர்களுக்கு வழி, பற்றரியை நிரப்பிவிட்டு எதிர் முனையைக் கழற்றுவது. ஜப்பான் கார்கள் பலவற்றில் 10 மில்லிமீற்றர் ஸ்பனர் போதும். கழற்றிய முனையைத் துணியால் சுற்றி ஒதுக்கிவையுங்கள், தானாகத் திரும்பத் தொட்டுவிடக்கூடாது. கழற்றும் முன், சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவியால் கதவு திறக்கிறதா என்று பாருங்கள். பற்றரி டிக்கிக்குள் இருக்கும் கார்களில் டிக்கியை மின்சாரம் இல்லாமல் திறக்க வழி தெரியாமல் கழற்றவே கூடாது. திரும்பப் பூட்டியதும் ஜன்னல்களின் தானியங்கி ஏற்றம், ரேடியோக் குறியீடு போன்றவற்றைப் புதிதாகப் பழக்கவேண்டிவரலாம்.

பற்றரி முடிந்தது. மற்றவற்றில் அதிகம் கவனிக்கவேண்டியது ஒயில். ஓடிய ஒயிலில் அமிலமும் தண்ணீரும் எரியாத பெற்றோலும் கலந்திருக்கும், அதோடு ஐந்து மாதம் பேரிங்குகளை ஊறவிடக்கூடாது. நிறுத்தும் முன் மாற்றி, என்ஜின் நன்கு சூடாகும்வரை ஓடி, பிறகு நிறுத்துங்கள். வசந்தத்தில் திரும்ப மாற்றத் தேவையில்லை. இடையிடையே வந்து பத்து நிமிடம் ஸ்ராட் பண்ணி விடும் பழக்கம் நம்மவர்களிடம் பரவலாக உண்டு. அதை விட்டுவிடுங்கள். பத்து நிமிடத்தில் ஒயில் சூடாவதில்லை, எக்சோஸ்ற்றுக்குள் தண்ணீர் சேரும், ஒயிலில் பெற்றோல் கலக்கும், பற்றரியும் முழுதாக நிரம்பாது. மூடிய கராஜில் செய்தால் காபன் மொனொக்சைட் வீட்டுக்குள்ளும் வரும்.

ஒன்ராறியோப் பெற்றோலில் எதனோல் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு நவீன காரின் மூடிய தாங்கியில் பெரிய கேடு வராது. ஐந்து மாதத்துக்கு ஸ்டா-பில் சிவப்பு மருந்து மலிவான காப்பு: 9.5 லீற்றருக்கு 30 மில்லிலீற்றர், அதாவது 50 லீற்றர் தாங்கிக்கு ஏறத்தாழ 160. பெற்றோல் நிலையத்திலேயே மருந்தை முதலில் ஊற்றி, மேலே பெற்றோலை நிரப்பி, வீடுவரை ஓடினால் கலந்து இன்ஜெக்டர்கள்வரை போய்விடும்.

ரயரில் காற்று ஒவ்வொரு ஐந்தாறு பாகைக் குளிருக்கும் 1 பி.எஸ்.ஐ குறையும். 20 பாகையில் அடித்த 33, மைனஸ் 15-இல் 27 ஆகிவிடும். பக்கச்சுவரில் எழுதிய உச்ச அளவைத் தாண்டாமல் 40 வரை அடித்துவிடுங்கள், தட்டையாக அழுந்துவது குறையும். கோடை ரயர் போட்ட காரைக் கடுங்குளிரில் உருட்டவே வேண்டாம், ரப்பர் வெடிப்பு விடும். ஜாக் ஸ்ராண்டில் தூக்கி வைப்பதால் சஸ்பென்ஷன் தொங்குவதே மிச்சம். கைப்பிரேக் போடாதீர்கள், தகடு டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

எலி கராஜுக்குள் வருவது சூட்டைத் தேடி. எக்சோஸ்ற் வாயையும் காற்று உள்ளெடுக்கும் வாயையும் செப்பு வலையால் அடையுங்கள். இரும்புப் பஞ்சு கறள் பிடித்து உதிரும். அடைத்ததை ஸ்ரியரிங்கில் ஒரு சிவப்பு நாடா கட்டி நினைவூட்டுங்கள், மறந்து ஸ்ராட் பண்ணிவிடக்கூடாது. ஹொண்டா விற்கும், மிளகாய்க் காரம் ஏற்றிய நாடாவை வயர்களில் சுற்றலாம், மற்றக் கார்களுக்கும் அது பொருந்தும். பூச்சி உருண்டை வேண்டாம், மணம் கோடைவரை இருக்கையை விட்டுப் போகாது.

நிறுத்தும் முன் அடிப்பகுதியையும் சில்லு வளைவுகளையும் உப்புப் போகக் கழுவி, இருபது நிமிடம் ஓடிப் பிரேக்கைக் காயவைப்பது அவசியம். உறை போட்டால் காற்றுப் போகும் துணியாக இருக்கவேண்டும். பிளாஸ்ரிக் தார்ப்பாய் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். கொங்கிறீற் தரையில் 0.15 மில்லிமீற்றர் பொலித்தீனை விரித்து அதன்மேல் நிறுத்தினால் கீழிருந்து வரும் ஈரம் நிற்கும். கல்சியம் குளோரைட் டப்பாவைக் காருக்குள் வைக்கவேண்டாம், அது சேர்க்கும் நீர் சிந்தினால் தோலையும் இரும்பையும் தின்னும், சிலிக்கா ஜெல் போதும். கூலன்ற் பாதிக்குப் பாதி கலவையாக இருந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். கண்ணாடி கழுவும் நீர் மைனஸ் 40 வகையாக இருக்கட்டும்.

பணம் கொடுத்து நிறுத்தும் இடங்களில் முதலில் கேட்கவேண்டியது பிளக் தருவார்களா என்பது. அடுத்தது, அதே கூரையின் கீழ் தினமும் ஓடும் கார்கள் வந்து போகின்றனவா என்பது. சூடேற்றிய இடத்தில் அவை கொண்டுவரும் உப்புப் பனி உருகி ஆவியாகும். அதைவிட, சூடில்லாமல் உலர்ந்திருக்கும் களஞ்சியம் இரும்புக்கு நல்லது.

ஒன்ராறியோவில் ஓ.பி.சி.எஃப் 16 என்ற இணைப்பால் ஓட்டத்துக்கான காப்புறுதியை நிறுத்திவைத்து, தீ, திருட்டுக்கான பகுதியை மட்டும் வைத்திருக்கலாம். ஓ.பி.சி.எஃப் 17 அதைத் திரும்பக் கொண்டுவரும். இடையில் தெருமுனைவரைகூட ஓடக்கூடாது. கடனிலோ லீசிலோ உள்ள காருக்கு முதலில் கடன் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

மின்சாரக் கார்களில் ரெஸ்லா வைத்திருப்பவர்களுக்குச் சிடெக் தேவையில்லை. காரைப் பிளக்கில் விட்டு, சார்ஜ் எல்லையை 50 விழுக்காட்டுக்குக் குறைத்து, கமராக்களால் காவல் காக்கும் சென்ட்ரியை அணைத்துவிடுங்கள். புதிய ரெஸ்லாக்களின் சிறிய பற்றரி 16 வோல்ட் லித்தியம், அதில் 12 வோல்ட் சார்ஜரைத் தொடவைக்கவே கூடாது.

ஏப்ரலில் எடுக்கும்போது செப்பு வலையைக் கழற்றி, காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்து கூடு இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜரைக் கழற்றி ஒரு மணி நேரம் கழித்து மீற்றர் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டவேண்டும். ரயர் காற்றைக் கதவில் எழுதிய அளவுக்கு இறக்குங்கள். முதல் சில பிரேக் அழுத்தத்தில் கரகரவென்று சத்தம் வரும், அது டிஸ்க்கின் மேல் கறள், சில கிலோமீற்றரில் போய்விடும். அதன்பிறகும் ஒரு சில்லு மட்டும் சூடாக இருந்தால் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் கலிப்பர் இறுகியிருக்கிறது, அதோடு நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.